டீ பாய்லரில் சீம்பால்

ரிஃப்கிக்கு இரண்டு வகையில் கெட்ட பெயர் உண்டு. ஒன்று அவன் வாய்க்குள் போவதால் வந்தது, மற்றது வாயிலிருந்து வருவதால் வந்தது. முதலாவதால் அவன் இடுப்பு வாருக்கு வருஷம் ஒரு புதுத் துளை போட வேண்டியிருந்தது. இரண்டாவதால் போஸ்கயா ஊரில் மூன்று வருஷமாக அவனுக்கு வெளியே ஒரு தம்ளர் டீ கிடையாது.

நடந்தது இதுதான். டீக்கடை நிறைய ஆள் இருந்த ஒரு நாள், கடைக்காரன் நஸ்மி கொண்டுவந்து வைத்த தம்ளரை ரிஃப்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது இன்று போட்டதா, நேற்றுப் போட்டதா என்று கேட்டுவிட்டான். துருக்கியில் எங்கள் புர்துர் மாவட்டத்துப் பக்கம் அடுத்தவன் நிலத்தில் வேலி போட்டவனைக்கூட இரண்டு பெருநாள் கழிந்தால் கட்டிப்பிடித்துவிடுவார்கள். டீக்கடைக்காரனிடம் போய் டீ பழசு என்று சொன்னவனை எந்தப் பெருநாளும் காப்பாற்றாது. நஸ்மி தம்ளரை எடுத்துப் போய்த் தொட்டியில் கொட்டினான். அன்றிலிருந்து ரிஃப்கி தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து தனியாக டீ குடிக்கிறான். ஆண்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய தண்டனையை எங்கள் ஊரில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த ஆண்டுப் பனிக்காலம் அவனுக்கு வேறொரு இடி வைத்திருந்தது. தொழுவத்தில் பிறந்த கன்று ஒன்றும் தங்கவில்லை. பிறந்ததும் நன்றாகத்தான் எழுந்து நிற்கும், துள்ளும், விரலைச் சப்பும். சில நாளில் கழிய ஆரம்பிக்கும். பிறகு காது தொங்கும், கண் உள்ளே போகும். ரிஃப்கியின் மனைவி நெஸிபே உப்புத் தண்ணீரும் புட்டியுமாகப் பக்கத்திலேயே கிடப்பாள். ஒன்றும் பலிக்காது.

கால்நடை டாக்டர் வந்து, சீம்பாலைச் சோதனைக்கு எடுத்துப் போய், தாயின் மடியிலிருந்து வரும் பாலிலேயே கிருமி இருக்கிறது என்று சொன்னார். சீம்பால் கொடுக்காமலும் இருக்க முடியாது. கன்றுக்கு நோயைத் தாங்கும் பலம் அதிலிருந்துதான் வருகிறது, அதுவும் பிறந்த சில மணி நேரத்துக்குள் குடித்தால்தான் உடம்பில் ஒட்டும். ஆகவே சீம்பாலை அறுபது டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, ஆற்றிக் கொடுக்கச் சொன்னார். அந்தச் சூட்டில் கிருமி சாகும், சத்து சாகாது. குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும். கொஞ்சம் கூடினாலோ சத்தும் போய்ப் பாலும் திரண்டு கட்டியாகிவிடும்.

சொல்வது சுலபம். நெஸிபேயின் கேஸ் அடுப்புக்கு அறுபது, எழுபதெல்லாம் தெரியாது. அவள் வெப்பமானியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்பைக் கூட்டியும் குறைத்தும் மல்லாடினாள். முதல் தடவை பால் திரண்டுவிட்டது. ரிஃப்கி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு அதன்மேல் திராட்சைப் பாகை ஊற்றி, சட்டியை வழித்துத் தின்று தீர்த்தான். இரண்டாம் தடவையும் திரண்டது, அதையும் தின்றான். மூன்றாம் தடவை அவள் பயந்துபோய்ச் சூட்டைக் குறைத்து வைத்தாள். பால் பாலாகவே இருந்தது. அதைக் குடித்த கன்று செத்துப்போனது.

அன்று நெஸிபே அழவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து அந்தால்யாவில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சலவைப் பிரிவுக்குத் தலைவர். இரண்டு பேருக்கு வேலை இருக்கிறது, இரண்டு வாரம் காத்திருப்பேன் என்றார். போனை வைத்துவிட்டு அவள் புருஷனைப் பார்த்தாள்.

"காதிஃபே இந்த வாரம் கன்னு போடும். அதுவும் போச்சுன்னா மாடு அத்தனையும் வித்துட்டுக் கிளம்புறோம். இன்னொரு கன்னு என் மடியில சாகுறதைப் பாக்க என்னால முடியாது ரிஃப்கி."

ரிஃப்கி அந்த ஓட்டலுக்கு ஒருமுறை போயிருக்கிறான். அங்கே குளியல் துண்டை மடித்து அன்னப்பறவை மாதிரி செய்து கட்டில்மேல் வைப்பார்கள். தன் கைகளை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பத்து விரலும் மாட்டு மடிக்கென்றே செய்த விரல்கள். மிச்சக் காலம் முழுவதும் துண்டில் அன்னப்பறவை செய்துகொண்டிருப்பதை நினைத்ததும் இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான். மாட்டை விட்டால் அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. வேறு ஒன்றும் பிடிக்கவும் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை காலை, கொட்டுகிற மழையில், காதிஃபே கன்று போட்டது. கிடேரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. ரிஃப்கி மடியைக் கழுவிப் பால் கறந்தான். மஞ்சளாக, கெட்டியாக, வாளி நிறைய வந்தது. நெஸிபே கன்றை வைக்கோலால் துடைத்துக்கொண்டே சொன்னாள், இந்த ஊரில் சொன்ன இடத்தில் நிற்கிற ஒரே சாமான் நஸ்மியின் புது மின்சார பாய்லர்தான். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகை எந்த எண்ணில் வைக்கிறோமோ அங்கேயே நிற்குமாம். நஸ்மியின் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

ரிஃப்கி ஏதேதோ சொல்லிப் பார்த்தான். மழை என்றான், வெள்ளிக்கிழமை என்றான், முழங்கால் என்றான். நெஸிபே ஒரு துண்டை எடுத்து உதறி, மெதுவாக மடிக்க ஆரம்பித்தாள். அவன் பாலைக் காலி பிளாஸ்டிக் குளிர்பான பாட்டில்களில் ஊற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கடையில் கூட்டம் இருந்தது. அவன் உள்ளே நுழைந்ததும் சீட்டாட்டம் நின்றது. மூலையில் முடிதிருத்தும் ஷுக்ரு ஒருவருக்குப் பாதி கன்னம் மழித்துவிட்டுக் கத்தியை அந்தரத்தில் பிடித்திருந்தான். நஸ்மி முதுகைத் திருப்பிக்கொண்டு தம்ளர் கழுவினான். ரிஃப்கி நேராக ஷுக்ருவிடம் போனான். மூன்று வருஷமாக இருவருக்கும் நடுவே பேச்சைக் கொண்டுபோவது அவன்தான்.

"ஷுக்ரு, அவர்கிட்ட சொல்லு. அவர் பாய்லர் ஒரு மணி நேரத்துக்கு வேணும். அறுபதுல வைக்கணும். ஒரு கன்னோட உசுரு."

நஸ்மிக்கும் ரிஃப்கிக்கும் நடுவே நான்கு எட்டு தூரம்கூட இல்லை. இருந்தாலும் ஷுக்ரு கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு நடந்து போய், சொன்னதை அப்படியே ஒப்பித்தான். நஸ்மி தம்ளரை விளக்கிக்கொண்டே பதில் அனுப்பினான். என் டீயே பழசு, அவர் மாட்டுக்கு என் தண்ணீர் மட்டும் எப்படிப் புதுசாக இருக்கும் என்று கேட்கச் சொன்னான். ஷுக்ரு திரும்பி வந்து அதையும் ஒப்பித்தான். பாதி மழித்த ஆள் சோப்பு நுரையோடு இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊரில் சொன்ன இடத்தில் நிற்பது அந்த பாய்லர் ஒன்றுதான் என்று நெஸிபே சொல்கிறாள் என்று ரிஃப்கி சொல்லி அனுப்பினான். நஸ்மியின் கை நின்றது.

"அவனே சொல்றானா, அவ சொன்னாளான்னு கேளு."

"அவதான் சொன்னாளாம்" என்றான் ஷுக்ரு, நகராமலே.

"அப்போ கொண்டாரச் சொல்லு."

நஸ்மி மேலே இருந்த டீக் கெண்டிகளை இறக்கினான். பாய்லரின் மூடியைக் கழற்றி, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு, திருகைக் குறைத்து, வெப்பமானியை விட்டு நான்கு தடவை பார்த்தான். அறுபதில் நின்றதும் பாட்டில்களை ஒவ்வொன்றாக, முட்டைக்கூடை வைப்பது போல, உள்ளே இறக்கினான். ரிஃப்கி பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் யாரும் கேட்காமலே பாய்லரின் வயிற்றை ஒரு துணியால் துடைத்துவிட்டான்.

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. பாய்லர் அறுபதில் நின்றால் டீ எப்படி? அந்த வெந்நீரில் டீத்தூளைப் போட்டால் ஊறக்கூட ஊறாது. அதற்குள் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்தும் ஆட்கள் நனைந்தபடி வந்து சேர்ந்தார்கள். கடையில் நாற்பது ஆண்கள், ஒரு தம்ளர் டீ இல்லை. சீட்டைப் பிரிக்கத்தான் கை ஓடுமா? சிலர் சர்க்கரைக் கட்டியை வெறுமனே கடித்தார்கள். ஒருவர் தனக்குத் தலை வலிக்கிறது என்று அறிவித்தார், உடனே பக்கத்தில் இருந்த மூவருக்கும் வலித்தது.

அவர்களில் கமாண்டர் ஹுல்கி என்று ஒருவர். உண்மையில் ராணுவ சமையற்கூடத்தில் சார்ஜன்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கமாண்டர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார் என்பதால் ஊரே அப்படிக் கூப்பிடுகிறது. அவருக்கு அந்த அறுபது என்ற எண்ணின்மேலேயே நம்பிக்கை வரவில்லை.

"அறுபதுல கிருமி குளிக்கும்யா, சாகாது. பட்டாளத்துல நாங்க எல்லாத்தையும் கொதிக்க வச்சுத்தான் இறக்குவோம். ஒருத்தன் செத்ததில்ல."

வழக்கமான பட்டாளத்துக் கதைதானே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அது தப்பாகப் போயிற்று. ரிஃப்கிக்கு நெஸிபேயிடமிருந்து போன் வந்தது. கடைக்குள் சரியாகக் கேட்காது என்று அவன் தாழ்வாரத்துக்குப் போனான். கன்று எழுந்து நின்றுவிட்டது, என் சட்டைக் கையைப் பிடித்துச் சப்புகிறது என்று அவள் சொன்னாள். அவள் குரலில் சந்தோஷம் எட்டிப் பார்ப்பதைக் கேட்டு இவன் இன்னும் இரண்டு கேள்வி கேட்டான். நஸ்மி பின்கட்டில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் கமாண்டர் எழுந்து போய், கன்றின் நன்மைக்கும், கூடவே ஒரு தம்ளர் டீயின் நன்மைக்கும், திருகைக் கடைசிவரை முறுக்கிவிட்டார்.

பாய்லர் இரைய ஆரம்பித்ததும் நஸ்மி விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். ரிஃப்கியும் வெளியிலிருந்து ஓடிவந்தான். இருவரும் சேர்ந்து பாட்டிலை வெளியே எடுத்துக் கவிழ்த்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே சீம்பால் மஞ்சளாக, மினுமினுவென்று, கட்டிக் கட்டியாக நின்றது.

ரிஃப்கி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கமாண்டர் தன் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நஸ்மி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நேராக ரிஃப்கியின் முன்னால் வந்து நின்றான்.

"ரிஃப்கி, சத்தியமா என் பாய்லர் நான் வச்ச இடத்துலதான் நின்னுச்சு. எவனோ திருகியிருக்கான்."

"தெரியும் நஸ்மி அண்ணே. உன்மேல தப்பில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்தது. மூன்று வருஷத்துப் பேச்சு வேலையை ஒரே நொடியில் இழந்த ஷுக்ரு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

திரண்டது திரண்டதுதான். நஸ்மி கத்தியால் பாட்டில்களை அறுத்து, கட்டிச் சீம்பாலைத் தட்டில் கொட்டி, சர்க்கரை தூவி நடுவில் வைத்தான். எங்கள் ஊரில் மாடு கன்று போட்டால் அக்கம்பக்கத்துக்கு ஒரு கிண்ணம் போகாமல் இருக்காது. இந்தப் பனிக்காலம் முழுவதும் ரிஃப்கி வீட்டிலிருந்து ஒரு கிண்ணம்கூடப் போகவில்லை. ஆகவே எல்லோரும் டீக் கரண்டியோடு குனிந்தார்கள். யாரோ ரிஃப்கியின் கையிலும் ஒரு கரண்டியைத் திணித்தார்கள். அவன் அழுதான், தின்றான், அழுதுகொண்டே இன்னொரு கரண்டி எடுத்தான். இவ்வளவு துக்கத்திலும் அது பதமாக வந்திருப்பதை அவனால் ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அப்போது கதவு திறந்தது. பால் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் நெஸிபேயே குடைபிடித்து வந்துவிட்டாள். அந்தக் கடைக்குள் பெண்பிள்ளை வருகிற வழக்கம் இல்லை. நாற்பது ஆண்களும் வாயில் கரண்டியோடு எழுந்து நின்றார்கள். அவள் தட்டைப் பார்த்தாள், அறுத்த பாட்டிலைப் பார்த்தாள், புருஷனின் மீசையில் ஒட்டியிருந்த சர்க்கரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. முகம் வெறிச்சோடிப்போனது. அதைப் பார்க்கிற தைரியம் அங்கே யாருக்கும் இருக்கவில்லை.

"கன்னு பசியோட நிக்குது" என்றாள். "இனிமே அதுக்கு என்ன கொடுப்பேன்?"

ரிஃப்கி கரண்டியைத் தட்டில் வைத்தான். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் கன்று போகும். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"ஃப்ரிட்ஜ்ல, ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால ஒரு தூக்குல இருக்கு. கறந்ததுல கொஞ்சம் எடுத்து வச்சேன்."

"எதுக்கு?"

"எனக்கு."

யாரோ இருமினார்கள். நெஸிபே அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எவ்வளவு இருக்கும்?"

"ஒரு ஆளுக்குத் திங்கிற அளவுதான்."

"எந்த ஆளுக்கு? உன் அளவுன்னா அந்தக் கன்னுக்குத் தாராளமாப் போதும்."

முதலில் சிரித்தவன் நஸ்மி. பிறகு கடையே சிரித்தது. நெஸிபே சிரிக்கவில்லை. ஓடிப்போய் எடுத்து வரச் சொன்னாள். ரிஃப்கி ஓடினான். அவன் ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை.

இரண்டாவது மணி நேரத்தை போஸ்கயா இன்னும் பேசுகிறது. நெஸிபே பாய்லர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நஸ்மி வெப்பமானியைப் பார்த்தபடி நின்றான். முறுக்கியது யார் என்று கேட்டறிந்து, திருகைக் காக்கும் பொறுப்பை அவள் கமாண்டரிடமே கொடுத்தாள். அவர் முதுகை நிமிர்த்தி, கையைப் பக்கவாட்டில் ஒட்டி, பட்டாளத்தில்கூட அப்படி நின்றிருக்க மாட்டார், கண் இமைக்காமல் நின்றார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போனால் டீ கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் போகவில்லை. மழைக்கு ஒதுங்கிய வெளியூர் விதை வியாபாரி ஒருவர் உள்ளே வந்து, பழக்கத்தில் ஒரு டீ என்றார். நாற்பது தலைகள் திரும்பின. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு மழைக்கே திரும்பிப் போனார்.

நேரம் ஆனதும் பாட்டில்களைக் குழாயடியில் பிடித்து ஆற்றினார்கள். ரிஃப்கி அவற்றைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நடந்தான். நஸ்மி மேலே குடை பிடித்தான். கடை பின்னாலேயே வந்தது. தொழுவத்து வாசலில் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க, நெஸிபே புட்டியைக் கன்றின் வாயில் வைத்தாள். அது ஒரு கணம் யோசித்தது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தது, புட்டி காலியாகும்வரை விடவில்லை. இனி, மற்றக் கன்றுகளைச் சாய்த்த அந்தச் சில நாள்களைத் தாண்ட வேண்டும்.

அந்த நாள்களில் கடையில் பேச்சு ஒன்றுதான். ரிஃப்கி காலையில் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் சாணத்தைப் பற்றி விசாரிப்பார்கள். தண்ணீராகவா, கூழாகவா, கெட்டியாகவா என்று கமாண்டர் கேட்பார், டீயை உறிஞ்சிக்கொண்டே. ரிஃப்கி கையால் உருவம் காட்டி விளக்குவான். மூன்றாம் நாள் கொஞ்சம் இளகியது என்று அவன் சொன்னபோது ஒருவரும் சீட்டை எடுக்கவில்லை. நான்காம் நாள் சரியாகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கன்று தொழுவத்துக் கதவைத் தட்டித் திறந்துகொண்டு வெளியே ஓடி, ரிஃப்கியைச் சேற்றில் தள்ளிவிட்டுப் போனது. அவன் விழுந்த இடத்திலேயே கிடந்து, ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு, சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் அழுதான்.

அன்று சாயங்காலம் அந்தால்யாவிலிருந்து போன் வந்தது. ரிஃப்கி அடுப்படி வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலைக்கு வருகிறீர்களா இல்லையா என்று அண்ணன் கேட்டார். நெஸிபே நடந்ததையெல்லாம் சொன்னாள். நாற்பது ஆண்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் டீ குடிக்காமல் கடையில் உட்கார்ந்திருந்தார்கள் என்ற இடத்தில் அவர் குறுக்கிட்டார். அவரும் போஸ்கயாவில் பிறந்தவர்தான்.

"டீ குடிக்காமலா? ஏன், யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லண்ணே" என்றாள் நெஸிபே. "யாரும் சாகல. அதான் நாங்க வரல."